வயல் மனையாகும் முன் நாம் கேட்க வேண்டியவை



"ஊர் ஓரத்து வயல்ல கலர் கல்லு நட்டுட்டாங்க, இனி என்ன பண்றது?" கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கல் நட்ட பிறகு கேட்பதைவிட, காகிதம் நகரும்போதே கேட்டால்தான் பலன் உண்டு. அது எப்படி என்று பார்ப்போம்.

யாருக்கு என்ன பாதிப்பு?

நிலத்தை விற்பவர் நம் குழுவில் உள்ள அக்காவாகவே இருக்கலாம். மகள் கல்யாணம், கடன் என்று அவருக்கும் கஷ்டம் இருக்கும். வீடில்லாதவர்களுக்கு வீடு வேணும் என்பதும் நியாயம். அதனால் வீடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 'இந்த இடத்தில்தானா, இப்படித்தானா?' என்றுதான் கேட்கிறோம்.

நஞ்சை மனையாகிவிட்டால், நிலமில்லாத பெண்களுக்கு நடவு, களையெடுப்பு, அறுப்பு வேலை போய்விடும். வாய்க்காலை மூடினால் கடைமடைக்குத் தண்ணி வராது. மழைக்காலத்தில் அதே தண்ணி வழி தெரியாமல் தாழ்வான தெருவுக்குள் வரும். விற்றவர் கையில் பணமாவது இருக்கும். விற்காதவர்களுக்கு நஷ்டம் மட்டும்தான்.

நில உபயோக மாற்றம் என்றால் என்ன?

பட்டாதாரர் பொதுவாகத் தன் நிலத்தை விற்கலாம். ஆனால் அதில் என்ன செய்யலாம் என்பதற்கு விதி உண்டு. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்ற சட்டம் இருக்கிறது. நகரத்தைச் சுற்றியுள்ள திட்டப் பகுதிகளுக்கு மாஸ்டர் பிளான் இருக்கும். அதில் 'விவசாயம்' என்று குறித்த நிலத்தைக் 'குடியிருப்பு' என்று மாற்றுவதுதான் நில உபயோக மாற்றம். இதற்குப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். ஆட்சேபணை சொல்லக் கெடு நாளும் அதிலேயே இருக்கும்.

திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு 2017-இல் தனி விதிகள் வந்தன. அங்கும் விவசாய நிலத்தை மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் முன் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அல்லது இ-சேவை மையத்தில் 'அ' பதிவேடும் புலப்படமும் கேளுங்கள். நஞ்சையா புஞ்சையா, நடுவில் வாய்க்காலோ பாதையோ போகிறதா என்று தெரியும். வாய்க்கால் புறம்போக்கை மனையோடு சேர்த்து விற்க யாருக்கும் உரிமை இல்லை.

2. அனுமதி கேட்டிருக்கிறார்களா, எந்த நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் (2005) கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. ஆட்சேபணை மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். "எங்களுக்கு இஷ்டமில்லை" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. புல எண், வாய்க்காலின் பெயர், அதில் பாயும் ஏக்கர், அங்கே வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை என்று எழுதுங்கள். இந்தக் கணக்கை நம் குழுக்களைவிட வேறு யார் சரியாக எடுக்க முடியும்?

4. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். தீர்மானம் மட்டுமே அனுமதியை நிறுத்திவிடாது. ஆனால் ஊரே சொன்னதற்கு அது ஆதாரம். மனுவோடு நகலை இணையுங்கள்.

5. அனுமதி கிடைத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீத இடத்தைப் பொது உபயோகத்துக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடம் எங்கே என்று கேளுங்கள்.

சாதாரண மக்கள் கேட்டால் நடக்குமா?

கோவா மாநிலத்தில் நடந்தது. அங்கே 2006-இல் அரசு 'மண்டலத் திட்டம் 2011' என்ற வரைபடத்தைக் கொண்டுவந்தது. வயலும் மலைச்சரிவும் கட்டடம் கட்டும் நிலமாக மாறியிருப்பதை மக்கள் கவனித்தார்கள். ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள், தலைநகர் பனாஜியில் திரண்டார்கள். 2007 ஜனவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அடுத்த திட்டத்தின் வரைபடங்கள் கிராமங்களுக்கே கருத்துக் கேட்டு வந்தன. ஆனாலும் பின்னால் சட்டத் திருத்தங்கள் வந்து, அங்கே போராட்டம் ஓயவில்லை. ஒரு தடவை ஜெயித்துவிட்டோம் என்று நாமும் அசந்துவிடக் கூடாது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஊரில் விற்பனைப் பேச்சில் உள்ள நிலங்கள் எவை? அவற்றில் வாய்க்கால் போகிறதா?
• கஷ்டத்தால் நிலத்தை விற்க நினைக்கும் உறுப்பினருக்குக் குழுக் கடன், வங்கிக் கடன் மூலம் உதவ முடியுமா?
• பத்திரிகை அறிவிப்பைத் தவறாமல் பார்க்கும் பொறுப்பு யாருக்கு?

மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.

- களப்பணி ஒருங்கிணைப்பாளர்