பீடிக் கட்டும் மருந்துச் சீட்டும்



வீரசோழன் சந்தை நாளில், வந்த சரக்கை விற்று முடித்தவர்கள் ஊர் திரும்பும் முன் கடைவீதியில் வீட்டுச் சாமான் வாங்கிக் கட்டுவது வழக்கம். எங்கள் மொத்தக் கடையில் சில்லறையும் உண்டு. அப்படி வந்தவர்களில் ஒருவர் நீண்டகால வாடிக்கையாளர், மிளகாய் விவசாயி. கையிலிருந்த பையில் மாத்திரைகளும் எக்ஸ்ரே கவரும் இருந்தன. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சொல்லிவிட்டு, "ரெண்டு கட்டு பீடியும் போடுங்க முதலாளி" என்றார்.

நெஞ்சுக் கோளாறுக்குப் பார்த்துவிட்டு வருகிறார் என்று தெரிந்ததால், "டாக்டர் இதை விடச் சொல்லலையா?" என்று கேட்டோம்.

"விடுன்னுதான் சொன்னாக. எப்படி விடுறதுன்னு சொல்லல. நானும் கேக்கல" என்றார்.

எங்களுக்கும் பதில் தெரியவில்லை. கட்டைக் கொடுத்துப் பற்று எழுதினோம். இரவு கணக்குப் பார்க்கையில் அந்த வரி உறுத்தியது. பிறகு நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதை நம் வணிகர்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறோம்.

மன உறுதி மட்டும் போதாது

பீடியை விட முடியாதவரை மனத்திடம் இல்லாதவர் என்று சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. புகையிலையில் உள்ள நிக்கோடின், புகையை இழுத்த சில நொடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. பழகிய மூளை அது கிடைக்காதபோது எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு என்று பாடுபடுத்தும். முதல் சில நாட்கள்தான் மிகக் கடுமை. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த நாட்களில் கைகொடுக்க ஆள் இருந்தால் பலர் கரையேறுவார்கள். கைகொடுக்க வேண்டிய முதல் ஆள் மருத்துவர்தான்.

1979ல் லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 28 குடும்ப டாக்டர்கள், புகைபிடிக்கும் 2,138 பேர். சிலரிடம் டாக்டர் ஓரிரு நிமிடம் விடச் சொல்லிப் பேசி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, மறுபடி விசாரிப்போம் என்றும் சொன்னார். ஒன்றும் சொல்லாமல் விடப்பட்டவர்களில் ஓராண்டு விட்டிருந்தவர்கள் 0.3 சதவீதம், இவர்களில் 5.1 சதவீதம். 5 சதவீதம் சின்ன எண்தானே என்று தோன்றும். நூற்றுக்கு ஐந்து லாபம் நிற்கிற சரக்கை நாம் வேண்டாம் என்போமா? அதுவும் இரண்டு நிமிடப் பேச்சு முதலுக்கு!

நம் நாட்டுக் கணக்கு

2003ல் சென்னை மருத்துவ ஆய்வாளர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து, தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். புகைபிடிப்பவர் காசநோயால் இறக்கும் அபாயம் பிடிக்காதவரைப்போல் சுமார் நான்கு மடங்கு என்று அது காட்டியது. பீடிக்கும் நெஞ்சுச் சளிக்கும் சம்பந்தமில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மருத்துவமனை வழியாகவே பழக்கத்தை விடுவிக்கும் முயற்சியும் அப்போதே தொடங்கிவிட்டது. 2002ல் மத்திய அரசும் உலக சுகாதார நிறுவனமும் நாட்டில் 13 புகையிலை நிறுத்த மையங்களைத் தொடங்கின. அவற்றுள் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. 2007-08ல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. மாவட்டங்களில் இத்தகைய மையங்கள் அமைப்பதும் அதன் வேலை.

அடுத்த மாநிலமான கேரளத்தில், புகைபிடிக்கும் சர்க்கரை நோயாளிகள் 224 பேரிடம் நடந்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. எல்லோருக்கும் டாக்டர் அறிவுரை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும், டாக்டரல்லாத பயிற்சி பெற்ற ஊழியர் கூடுதலாக உட்கார்ந்து பேசினார். ஆறு மாதம் கழித்து அவர்களே சொன்ன கணக்குப்படி, அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 12.5 சதவீதம் பேரும், பேச்சுத் துணையும் கிடைத்தவர்களில் 51.8 சதவீதம் பேரும் விட்டிருந்தார்கள். "விடு" என்பதற்கும் "இப்படி விடு" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆனால் கேட்பவர்களே குறைவு. 2016-17ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், அதற்கு முந்தைய ஓராண்டில் மருத்துவரிடம் போன புகைபிடிப்போரில் விடும்படி அறிவுரை பெற்றவர்கள் 48.8 சதவீதமே. பாதிப் பேரிடம் யாரும் சொல்லவே இல்லை.

கிடைக்கிற உதவி

இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. 2016ல் டெல்லியில் தொடங்கியது. 2018ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் சேர்ந்தபின் தமிழிலும் பேசலாம். பேசுகிறவர் விடும் நாளைக் குறிக்க உதவுகிறார். பிறகு மறுபடி அழைத்தும் விசாரிக்கிறார்கள். வாயில் போடும் புகையிலைக்கும் இதே எண்தான். வேடிக்கை என்னவென்றால், 2018 செப்டம்பர் முதல் இந்த எண் பாக்கெட்டின் மேலேயே அச்சாகிறது. நாம் தினமும் கையால் எடுத்துக் கொடுக்கிறோம், படித்ததில்லை.

மருந்தும் உண்டு. நிக்கோடின் மாற்று மருந்து 2022ல் இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. நிக்கோடின் சூயிங்கத்தை வெற்றிலை போல மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, சுருசுருவென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காப்பி குடித்துக் கால் மணி நேரம் கழித்தே போட வேண்டும். டாக்டரைக் கேட்டு எடுப்பதே நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சர்க்கரைக்கோ, இரத்த அழுத்தத்திற்கோ, சளிக்கோ போகிறவர், "பீடியை விட வேண்டும், வழி சொல்லுங்கள்" என்று தாமாகக் கேட்டுவிட வேண்டும். வேண்டியிருந்தால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

நம் பங்கு

பீடி வியாபாரத்தை விடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நாங்களே இன்னும் விற்கிறோம். பிறருக்குச் சொல்லும் யோக்கியதை இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டிவிட்டதை நம் கல்லாவில் அவிழ்த்துவிடாமல் இருக்கலாம் அல்லவா?

எங்கள் கடையில் செய்தது இவ்வளவே. பற்ற வைக்கத் தொங்கிய லைட்டரை எடுத்துவிட்டோம். பீடியைக் கண்ணில் படாத அலமாரிக்கு மாற்றினோம். அந்த எண்ணைப் பெரிதாக எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டினோம். பதினெட்டு வயது ஆகாதவருக்கு விற்பதும், பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் விற்பதும் 2003ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதைக் கடைப் பையன்களுக்குச் சொல்லிவைத்தோம். "விட்டுவிட்டேன்" என்று சொன்னவருக்குப் பீடி பற்று எழுதுவதில்லை. அவரே சம்மதித்த ஏற்பாடு அது.

நஷ்டமா என்று கேட்பீர்கள். ஒரு வாடிக்கையாளரின் பற்று நோட்டில் ஓராண்டுப் பீடிக் கணக்கைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தப் பணம் நின்றால் எண்ணெயாகவும் பருப்பாகவும் பெரும்பகுதி நம் கடைக்கே வரும். ஆள் படுத்துவிட்டால் பற்றும் வராது, வியாபாரமும் வராது. கல்லாவில் உட்கார்ந்தே புகைக்கிற நம்மவர்களுக்கும் இது பொருந்தும். விட்ட ஓராண்டில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்கிறார்கள்.

அந்த விவசாயிக்கு எண்ணை எழுதிக் கொடுத்தோம். ஒருமுறை விட்டார், அறுவடைக் களத்தில் மறுபடி பிடித்துவிட்டார். வெட்கப்பட்டுக் கடைக்கே வராமலிருந்தவரை ஆள் விட்டு அழைத்தோம். பலர் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள் என்று போனில் சொன்னார்களாம், மறுபடி தொடங்கினார். சென்ற சந்தைக்கு வந்து சாமான் எழுதச் சொன்னார். பீடி கேட்கவில்லை. நாங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த முறை கையில் மருந்துச் சீட்டோடு வந்து ஒருவர் பீடி கேட்டால், எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டின் மேலுள்ள எண்ணைக் காட்டுங்கள். அதற்குக் காசில்லை, நேரமும் ஆகாது.