தண்ணித் தொட்டிக்கு எந்தச் சிப்?

ஒரகடம், வல்லம் பக்கம் அறை எடுத்துத் தங்கி ஷிஃப்ட் வேலைக்குப் போகும் டிப்ளமோ பசங்க கேட்கும் கேள்வி இது: "அண்ணே, மாடித் தொட்டி நிரம்பினா மோட்டார் தானா நிக்கணும். எந்த மைக்ரோபிராசஸர் வாங்கலாம்?" பாலிடெக்னிக்கில் 8085 படித்தவர்கள், அதனால் அந்தச் சொல்தான் முதலில் வருகிறது.

8085 சிப்பை இன்டெல் 1976-இல் கொண்டுவந்தது. அதில் இருப்பது கணக்குப் போடும் மூளை மட்டும்தான். புரோகிராமை வைக்க ஈப்ராம், தற்காலிக நினைவுக்கு ரேம், வெளியே இணைக்க 8255 என எல்லாம் தனித்தனியா வேணும். படிக்க அருமை, வீட்டு வேலைக்கு வேண்டாம். இவை அனைத்தும் ஒரே சிப்புக்குள் இருப்பது மைக்ரோகன்ட்ரோலர். நமக்கு வேண்டியது அதுதான்.

ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி 8 பிட் சிப். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், ரேம் வெறும் 2 கிலோபைட். செல்போன் தயாரிக்கிற ஊரில் இதைச் சொன்னா சிரிப்பாங்க. ஆனால் தொட்டியில் இரண்டே கேள்விதான்: கீழ் ஃப்ளோட் ஸ்விட்ச் தண்ணீர் இல்லை என்கிறதா, மேல் ஸ்விட்ச் நிரம்பிவிட்டது என்கிறதா? அதற்கு இதுவே அதிகம். 5 வோல்ட்டில் ஓடுவதால் கடையில் கிடைக்கும் பல சென்சார்களையும் ரிலே போர்டுகளையும் நேராக இணைக்கலாம்.

போனுக்குத் தகவல் வரணும் என்றால் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 எடுங்க. அது 3.3 வோல்ட் சிப். 5 வோல்ட் சிக்னலை நேரே கொடுக்கக் கூடாது. நம் நாட்டு சி-டாக்கின் தேஜஸ்32 சிப் போட்ட ஏரீஸ் போர்டும் உண்டு. ஆனா முதல் போர்டுக்கு ஊனோதான் என் சிபாரிசு. எங்கே மாட்டிக்கொண்டாலும், அதே இடத்தில் ஏற்கெனவே மாட்டிக்கொண்ட ஒருத்தர் விடையை எழுதி வைத்திருப்பார்.

சிப்பை விட முக்கியம் மோட்டார். 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. '10 ஆம்பியர்' என்று அச்சிட்ட சின்ன நீல ரிலேயின் கான்டாக்ட் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிக்கிட்டா, புரோகிராம் நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. அதனால் ரிலே ஒரு கான்டாக்டரை இயக்கட்டும். கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். தொழிற்சாலை பேனலிலும் பிஎல்சி இப்படித்தான் மோட்டாரை ஓட்டுகிறது.

முதல் ஒரு வாரம் மோட்டாருக்குப் பதிலா ஒரு எல்.இ.டி. மாட்டி ஓட்டிப் பாருங்க. சரியான நேரத்தில் எரிந்து அணைந்தால், 230 வோல்ட் ஒயரிங்குக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.