பேரனுக்கு மூன்று சென்டிமீட்டர் குறைவு

ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, முன்பதிவைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற ஆண்டு, அமெரிக்காவில் வசிக்கும் மகளின் குடும்பத்துடன் ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போனபோது அந்த எண்ணம் மாறியது. பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் சங்க அன்பர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

நுழைவுச் சீட்டு இருந்தாலும், பெயர் பெற்ற சவாரிகளுக்கு ஒரு மணி நேரம்கூட வரிசையில் நிற்க நேரும். இதைக் குறைக்க 1999-இல் 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற இலவச முறை வந்தது. 2021-இல் அதற்குப் பதிலாகக் கட்டண முறை வந்தது. 2024 ஜூலை முதல் அதன் பெயர் 'லைட்னிங் லேன்'.

தத்துவம் எளிது. ஒரு பாதையில் இத்தனை வண்டிகள்தான் ஓடலாம் என்பதுபோல, ஒரு சவாரியில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏறலாம். அதில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்குகிறார்கள். நமக்குக் குறித்த ஒரு மணி நேரத்துக்குள் போனால் தனி வழியில் விடுவார்கள். அங்கும் சற்று நிற்க வேண்டியிருக்கும்.

டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் 7 நாள் முன்பும், மற்றவர்கள் 3 நாள் முன்பும் கைப்பேசியில் மூன்று சவாரிகளைப் பதியலாம். அந்த ஊர் நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கும். நம் தட்கால் போலத்தான், முந்திக்கொள்ள வேண்டும். ஒன்றில் ஏறிய பிறகு அன்றே இன்னொன்றைப் பதியலாம். மிகவும் பெயர் பெற்ற ஓரிரு சவாரிகளுக்குத் தனிக் கட்டணம்.

நான் மூன்றையும் காலையிலேயே அடுத்தடுத்து வாங்கிவிட்டேன். 'ஸ்பேஸ் மவுண்டன்' வாசலில் பேரனை அளந்தார்கள். குறைந்தது 112 சென்டிமீட்டர் வேண்டும், அவன் 109. "தாத்தா, நீங்கதானே டிக்கெட் எடுத்தீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இதற்கிடையே, பூங்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்ததில் என் மனைவிக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

அன்றிரவு திட்டத்தை மாற்றினேன். நான் கற்றவை இவை: குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். உயரக் கட்டுப்பாடு இல்லாத, ஆனால் வரிசை நீண்ட 'பீட்டர் பான்' போன்ற சவாரிக்கு முதலில் பதியுங்கள். அடுத்தடுத்த சவாரிகள் அருகருகே இருக்கட்டும். பெரியவர்கள் ஏறும் சவாரியில், ஒருவர் குழந்தையோடு வெளியே இருந்துவிட்டு, மற்றவர் திரும்பியதும் மீண்டும் நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதை வாசலிலுள்ள ஊழியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மதிய நேரத்தைக் காலியாக விடுங்கள்.

ரயில் கால அட்டவணையில், தாமதத்தை ஈடுகட்டச் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். இது தெரிந்தும், என் குடும்பத்துக்குப் போட்ட அட்டவணையில் அதை மறந்தேன். மறுநாள் இரண்டே சவாரிகள்தான். பேரன் பாட்டியின் மடியோடு ஒட்டிக்கொண்டு 'பீட்டர் பான்' கப்பலில் பறந்தான். இறங்கியதும், "இன்னொரு தடவை!" என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.