காரீயத் துளிக்குள் சுரங்கத்தின் முகவரி

சிலைக் கடத்தல் செய்தி என்றால் ‘பல கோடி மதிப்புள்ள ஐம்பொன் சிலை’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. அதில் தங்கம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைச் சோதித்தவர்கள் கண்டது பெரும்பாலும் செம்பு; கொஞ்சம் வெள்ளீயம், கொஞ்சம் காரீயம். தங்கமும் வெள்ளியும் பொட்டளவுகூடத் தேறாது. என்னைக் கேட்டால், அந்தக் காரீயம்தான் பொக்கிஷம்.

காரீயம் செம்பில் கரையாது. மெழுகு உருகி வெளியேறிய அச்சுக்குள், விரல் நகம் வரை உலோகக் குழம்பு தடையில்லாமல் ஓட உதவிவிட்டு, ஆறியதும் பொடித் துளிகளாகத் தங்கிவிடும். அந்தத் துளியில் 204, 206, 207, 208 என்று நான்கு எடைகளில் அணுக்கள் உண்டு. 204 கூடுவதில்லை. மற்ற மூன்றும், பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதையச் சிதையக் கூடிக்கொண்டே போகும்.

இட்லி மாவும் இப்படித்தான். வெளியில் இருக்கும்வரை புளிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் கிட்டத்தட்ட நின்றுவிடும். காரீயம் யுரேனியத்தை விட்டுப் பிரிந்து தாதுவாகப் படிவதுதான் மாவு ஃபிரிட்ஜுக்குள் போகும் நேரம். எவ்வளவு உளுந்து, எத்தனை மணி நேரம் வெளியில் என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு புளிப்பு வேறு. சுரங்கத்துக்குச் சுரங்கம் அந்த நான்கு அணுக்களின் விகிதமும் வேறு. இட்லி ஊற்றினாலும் தோசை வார்த்தாலும் அந்தப் புளிப்பு போகாது. உருக்கி வார்த்து ஆயிரம் ஆண்டு மண்ணில் புதைத்தாலும் இந்த விகிதம் அசையாது. பக்கத்து வீட்டு மாவு கலந்தால்தான் சிக்கல். பழைய பாத்திரங்களைச் சேர்த்து உருக்கிய வார்ப்பில் இரண்டுக்கும் நடுவான ஒரு புளிப்புதான் மிஞ்சும். போதாக்குறைக்கு, தூரத்துச் சுரங்கங்கள் இரண்டின் விகிதம் ஒன்றுபோல இருந்துவிடுவதும் உண்டு. அதனால் ‘அறிவியல் சோதனையில் உறுதி’ என்று யார் சொன்னாலும், எத்தனை சிலைகளோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நம்புவேன்.

பெங்களூரு ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அப்படித்தான் செய்தார். தென்னிந்தியப் படிமங்கள் பலவற்றிலிருந்து துளித்துளியாக உலோகம் எடுத்து, இந்த விகிதங்களையும் நுண்தனிமங்களையும் அளந்து, காலவாரியாகக் குழு பிரித்தார். காலம் தெரியாத சிலை எந்தக் குழுவோடு சேர்கிறது என்று பார்க்க அதனால் வழி பிறந்தது.

ஆனால் காரீயம் பதில் சொல்லாத கேள்விகளும் உண்டு. 10-ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி பல கோயில்களைக் கற்றளிகளாக (கற்கோயில்களாக) மாற்றினார்; அக்காலச் செப்புத் திருமேனிகள் பேரழகு. வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு படிமம் அந்த அரசியே என்கிறார்கள் சிலர், பார்வதி என்கிறார்கள் சிலர். காரீயத்திடம் அதற்குப் பதில் இல்லை. வார்த்தவரின் உலைக்குள் எந்த மலையின் தாது போனது என்பதைத்தான் அதனிடம் கேட்க முடியும்.