பாவியாமையின் தேய்வு: வாகனப் பற்றரியும் சிறு சூரியத் தகடும்

பொருள்கள் பாவனையினாலேயே தேய்கின்றன என்பது பொதுவான எண்ணம். 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்திலே கார்ல் மார்க்ஸ், இயந்திரத்தின் பௌதிகத் தேய்வு இருவகைப்படும் எனக் காட்டினார். ஒன்று பாவிப்பதால் வருவது. மற்றது பாவியாது விடுவதால் வருவது. இவ்விரண்டாவது வகைக்கு வாகனப் பற்றரியை விடத் தெளிவான உதாரணம் நமது அன்றாட வாழ்விலே காண்பதரிது.

இலங்கையில் இவ்வுண்மை 2022 இலே பலராலும் உணரப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியின் விளைவாக அவ்வாண்டு யூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் பங்கீட்டு முறை வந்தபோது, முச்சக்கரவண்டிக்கு முதலில் வாரமொன்றுக்கு 5 லீற்றரே கிடைத்தது. வாகனங்கள் வாரக்கணக்கில் அசையாது நின்றன. எரிபொருள் கிடைத்த நாளில் பல வண்டிகள் இயங்க மறுத்தன. ஓடாத வண்டியால் வருமானம் இழந்தவன், ஓடாமையின் காரணமாகவே புதிய பற்றரிக்கும் பணம் தேட வேண்டியவனானான். இது ஏன் நிகழ்ந்தது?

1859 இல் பிரான்சிய விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலச் சேமிப்புக்கலமே பெரும்பாலான வாகனப் பற்றரிகளின் அடிப்படையாகும். ஆறு கலங்கள் தொடராக இணைந்து ஏறத்தாழ 12 வோல்ற்றைத் தருகின்றன. மின் வெளியேறும்போது இருவகைத் தகடுகளிலும் ஈயச் சல்பேற்று படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் கரைகிறது. ஆனால் மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விடப்படின், அப்படிவு கடினமான பெரும் பளிங்குகளாக மாறிவிடும். பின்னர் எவ்வளவு மின்னேற்றினும் அது முழுமையாகக் கரைவதில்லை. பற்றரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குன்றிவிடுகிறது.

நிறுத்திவைத்த வாகனத்திலும் மின் வெளியேறிக்கொண்டேயிருக்கிறது. பற்றரி தன்னளவிலேயே மின்னை இழக்கிறது. வெப்பம் கூடக் கூட இவ்விழப்பும் விரைவடைகிறது. அத்துடன் மணிக்கூடு, காப்பு எச்சரிக்கைக் கருவி, கணினிப் பகுதிகள் ஆகியனவும் சிறிதளவு மின்னை இடைவிடாது உறிஞ்சுகின்றன. 30 மில்லி அம்பியர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆயின் ஒரு நாளில் அது 0.72 அம்பியர் மணி. முப்பது நாளில் ஏறத்தாழ 22 அம்பியர் மணி. சிறிய மோட்டார் காரொன்றின் 45 அம்பியர் மணிப் பற்றரியில் இது பாதியளவாகும்.

இவ்விழப்பை ஈடுசெய்யவே சிறு சூரியத் தகடு பயன்படுகிறது. 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் நடைமுறைக்கேற்ற சிலிக்கன் சூரியக்கலத்தை வெளிப்படுத்தியது. அத்தகைய 36 கலங்களைத் தொடராக இணைத்த 10 உவாற்றுத் தகடு, நல்ல வெயிலில் அரை அம்பியர் அளவு மின்னோட்டத்தைத் தரும். நாளொன்றுக்கு நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைத்தால், 2 அம்பியர் மணி சேரும். மேற்கூறிய இழப்பை ஈடுசெய்ய இது தாராளமாகப் போதும்.

ஆயினும் சில நிபந்தனைகள் உள. வெயிலிலே தகட்டின் வோல்ற்றளவு 18 இற்கு மேலும் உயரக்கூடும். பற்றரி நிறைந்த பின்னரும் கட்டுப்பாடின்றி மின்னேற்றினால் அதன் நீர் சிதைந்து குறையும். எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிப்படும். எனவே ஏறத்தாழ 13.5 வோல்ற்றில் பேணும் மின்னேற்றக் கட்டுப்படுத்தி அவசியம். இரவில் மின் தகட்டினூடு திரும்பிப் பாய்வதையும் அது, அல்லது ஓர் இருவாயி, தடுக்கவேண்டும். நேர்முனைக்கு அருகே உருகியொன்றை இணைப்பது பாதுகாப்பானது. கண்ணாடிக்குப் பின்னே வைத்தால் ஒளியில் ஒரு பங்கு இழக்கப்படும். கலங்கள் தொடராக உள்ளமையால் ஒரு மூலையில் விழும் மரநிழலும் மொத்த விளைவை வெகுவாகக் குறைத்துவிடும். பல வாகனங்களில் சிகரெற் பற்றவைக்கும் துவாரத்துக்குரிய மின் திறப்பை எடுத்தவுடன் துண்டிக்கப்படுகிறது. அதிற் பொருத்திய தகடு வெறும் அலங்காரமே. கலப்பின வாகனத்தில் இம்முறை 12 வோல்ற்றுத் துணைப் பற்றரிக்கு மட்டுமே பொருந்தும்.

தகட்டின் எல்லையையும் தெளிவாக உணரவேண்டும். அது பேணுமேயன்றி உயிர்ப்பிக்காது. சில மணி நேரம் ஓய்விலிருந்த பற்றரி 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் நிறைந்துள்ளது, 12.4 இற்குக் குறையின் முதலில் தக்க மின்னேற்றியாலே நிரப்பவேண்டும். வோல்ற்றுமானியை வாசிக்கத் தெரியாதவன், விற்பவன் கூறுவதையே நம்ப நேரிடும்.

இங்கேதான் விடயம் தொழில்நுட்பத்தைக் கடந்து செல்கிறது. பேணுதல் என்பதும் உழைப்பே. ஆயின் புதிய பண்டமெதனையும் சந்தைக்குக் கொண்டுவராமையால் அது உழைப்பாகக் கணிக்கப்படுவதில்லை. பண்டத்தை விற்பவனின் நோக்கில், பற்றரி விரைவில் இறப்பது நட்டமன்று. அது அடுத்த விற்பனைக்கான வாய்ப்பு. பாவிப்பவனுக்கோ அது பல நாள் உழைப்பின் இழப்பு. முறையற்ற விதமாகப் பழைய பற்றரிகளை உருக்குமிடங்களில், அங்குள்ள தொழிலாளரின் உடலிலும் அயலிலுள்ள குழந்தைகளின் உடலிலும் ஈயம் நஞ்சாகச் சேர்கிறது. ஒரு பற்றரியின் ஆயுளை நீடிப்பது அந்நஞ்சின் அளவையும் ஓரளவு குறைப்பதாகும்.

சூரியத் தகட்டைச் சகல இன்னல்களுக்கும் பரிகாரமாகக் காட்டுவது பிறிதொரு மாயை. வண்டிகளை நிறுத்திவைத்த நெருக்கடியை எந்தத் தகடும் தீர்த்திருக்காது. அதன் காரணங்கள் பொருளாதார அமைப்பிலேயே வேரூன்றியிருந்தன. ஆயினும் நெருக்கடியின் சுமை உழைப்பவன் தோளில் மேலும் ஏறாதிருக்க, 30 மில்லி அம்பியரின் கணக்கு அவன் கையில் இருக்கவேண்டும். அக்கணக்கைப் பாடநூலிலிருந்து வண்டித் தரிப்பிடத்துக்கு அவர்தம் மொழியிலே கொண்டுசெல்வது, பல்கலைக்கழகத் தமிழுக்கும் உரிய கடமையாகும்.