எக்ஸை நடுவில் வையுங்கள்

அடுத்தடுத்த மூன்று முழுக்களின் கூடுதல் 72 எனில் அந்த எண்கள் யாவை? பள்ளியில் இந்தக் கணக்கைப் போட்டவர்களில் பெரும்பாலோர் முதல் எண்ணை எக்ஸ் என்று வைத்திருப்போம். எக்ஸ், எக்ஸ்+1, எக்ஸ்+2. கூட்டினால் 3எக்ஸ்+3. அது 72 என்றால் எக்ஸ் 23. விடை 23, 24, 25.

இப்போது நடு எண்ணை எக்ஸ் என்று வையுங்கள். அதற்கு முந்தையது ஒன்று குறைவு, பிந்தையது ஒன்று அதிகம்; இரண்டும் அடிபட்டு 3எக்ஸ் மட்டும் மிஞ்சும். 72-ஐ மூன்றால் வகுத்தால் 24, கணக்கு முடிந்தது. ஒரு வரி மிச்சமாகிறதே என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடுவில் நின்று பார்க்கும்போதுதான் இந்த எண்களின் கட்டமைப்பு புலப்படுகிறது.

ஒன்பது எண்கள் என்றால் கூடுதல் நடு எண்ணின் ஒன்பது மடங்கு. எனவே 4 முதல் 12 வரை கூட்டினாலும் 72 வரும். நான்கு எண்களில் வருமா? வராது. நான்கிற்கு நடுவில் இரண்டு எண்கள் நிற்கின்றன. அவை அடுத்தடுத்தவை என்பதால் அவற்றின் கூடுதல் எப்போதும் ஒற்றைப்படை. முழுக் கூடுதலோ அதன் இரு மடங்கு. 72-இன் பாதி 36, இரட்டைப்படை.

எண்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் அந்த எண்ணிக்கையே கூடுதலை மீதியின்றி வகுக்கும். இரட்டைப்படையானால் நடு ஜோடியின் கூடுதல் வகுக்கும். எப்படியும் 1-ஐவிடப் பெரிய ஓர் ஒற்றைப்படைக் காரணி தேவை. 64-க்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும் எந்த எண்ணையும் அடுத்தடுத்த இயல் எண்களின் கூடுதலாக எழுத முடியாது, எத்தனை காலம் தேடினாலும்.

ஒற்றைப்படைக் காரணி இருந்துவிட்டால் வழியும் நிச்சயம் உண்டு. 100-க்கு 5, 25 என்று இரண்டு. ஐந்து எண்கள், நடு எண் 20: அதாவது 18 முதல் 22 வரை. இருபத்தைந்து எண்கள் என்றால் நடு எண் 4. வரிசை -8-இல் தொடங்கி 16-இல் முடியும். குறை எண்கள் வந்துவிட்டனவே என்று விட்டுவிடக் கூடாது. -8 முதல் 8 வரை தமக்குள் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 9 முதல் 16 வரை. கூட்டிப் பாருங்கள், சரியாக 100. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்தடுத்த எண்களின் கூடுதலை வைத்தே 1914-இல் லண்டன் ஸ்ட்ராண்ட் இதழில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவின் ஒரே பக்கத்தில் 1, 2, 3 என எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்புற எண்களின் கூடுதலும் வலப்புற எண்களின் கூடுதலும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். கேம்பிரிட்ஜில் நண்பர் மகலனோபிஸ் இதைப் படித்துக் காட்டியபோது கணித மேதை ராமானுஜன் வாணலியில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். கிளறியபடியே, பின்னத்துக்குள் பின்னமாக நீளும் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். இதழ் கேட்ட விடை 288 வீடுகளில் 204-ஆம் வீடு. அவர் சொன்ன பின்னத்திலோ எல்லைகளை நீக்கினால் வரும் விடைகள் அனைத்தும் இருந்தன: 8 வீடுகளில் 6, 49-இல் 35, 288-இல் 204. எந்த வீட்டு எண்ணையும் ஆறால் பெருக்கி, அதற்கு முந்தைய விடையைக் கழித்தால் அடுத்தது வரும். 204-க்குப் பின் 1189. அந்தத் தெருவில் வீடுகள் 1681.