காலி வாளிக்கும் மூடி வேண்டும்



எங்கள் தோட்டப் பள்ளிக்கென நாங்கள் ஓர் இணையப் பக்கம் அமைத்தோம். பெற்றோர் கருத்தெழுத ஒரு பெட்டி. அதன் கீழே 'அனுப்பு' என்னும் பொத்தான். மறுநாளே ஒரு தாயார் வந்து, "சார், பெட்டி இருக்கு, அனுப்புற பொத்தானைத்தான் காணோம்" என்றார். திறந்து பார்த்தோம். பொத்தானுக்குரிய குறிகள் யாவும் வெறும் எழுத்துகளாகப் பெட்டிக்குள் கிடந்தன! அவர் சொல்ல வந்த குறை எங்களிடம் வந்து சேரவே இல்லை.

இது ஏன் நேர்ந்தது?

இணையப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் அமைகின்றன. பெரும்பாலான பகுதிகளுக்கு முன்னே தொடக்கக் குறி, பின்னே முடிவுக் குறி உண்டு. இக்குறிகளைப் பல வேளைகளில் ஒரு நிரலே எழுதித் தருகிறது. உள்ளே ஒன்றுமில்லாத பகுதி வந்தால் அந்நிரல் என்ன செய்ய வேண்டும்?

1998-இல் வெளிவந்த எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் இரு குறிகளையும் எழுதலாம்; அல்லது சாய்கோடிட்ட ஒரே குறியாகச் சுருக்கலாம். பொருள் ஒன்றே. எங்கள் நிரல் அந்த வழக்கப்படி கருத்துப் பெட்டியைச் சுருக்கிவிட்டது. எச்.டி.எம்.எல். பக்கத்தைப் படிக்கும் உலாவியோ அங்கே அச்சாய்கோட்டைப் பொருட்படுத்தாது. பெட்டி இன்னும் மூடப்படவில்லை என்றே கொண்டு, அடுத்து வருவதையெல்லாம் அதற்குள் போட்டுக்கொள்ளும்.

பால் வாளியையும் எல்லைக் கம்பத்தையும் எண்ணிப் பாருங்கள். வாளி இன்று காலியாக இருக்கலாம்; நாளை நிறையலாம். ஆகவே காலி வாளிக்கும் மூடி வேண்டும். கருத்துப் பெட்டி இவ்வகை. கம்பத்திற்குள் எதையும் ஊற்ற முடியாது. அதற்கு மூடி எதற்கு? வரியை முறிக்கும் 'பிஆர்', படம் காட்டும் 'ஐஎம்ஜி', கோடு போடும் 'எச்ஆர்' ஆகியவை இவ்வகை. இவற்றுக்கு முடிவுக் குறி இடலாகாது. 'பிஆர்'-க்கு முடிவுக் குறியும் இட்டால், உலாவி அதை இன்னொரு 'பிஆர்' என்று கொண்டு வரியை இருமுறை முறிக்கும்.

ஆகவே நிரல், 'உள்ளே காலியா?' என்று மட்டும் பார்த்தால் போதாது. எந்த மொழியில் எழுதுகிறோம், இப்பகுதி வாளியா கம்பமா என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் பெட்டிக்கு முடிவுக் குறியை இட்டோம். பொத்தான் தன் இடத்திற்கு வந்தது. அன்று மாலையே அந்தத் தாயாரின் கருத்தும் வந்து சேர்ந்தது. உங்கள் பிள்ளைகள் அமைக்கும் பக்கத்திலும் பாதி காணாமற்போனால், முதலில் மூடாத வாளியைத் தேடச் சொல்லுங்கள்.